பத்து மணி விமானம்

வாருங்கள், வந்து பாருங்கள்! வானத்து விமானங்களையெல்லாம் உள்ளங்கைக்குள் கொண்டுவந்த ஒரு மனிதனை, மறுபடியும் மருந்துப் பம்பைச் சும என்று மிரட்டிய கொடுமைக்கு நீங்களே சாட்சியாகுங்கள்! எங்கோ, எப்போதோ நடந்ததல்ல இது. பிரிஞ்சாங் என்னும் மலையூருக்கு மேலே, மேகம் இறங்கிவந்து கொழுந்தைத் தடவிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நம் காலத்தில், நம் கண்ணெதிரே நடந்தது.

அந்த மனிதன் யோகேந்திரன். பதினோரு ஆண்டுகள் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவன். தோட்டம் டிரோன் வாங்கியபோது, பயிற்சி முடித்து, உரிமம் பெற்று, டிரோன் விமானியானான். அன்றுதான் அவன் முதுகு நிமிர்ந்தது. அந்த முதுகுக்குத்தான் ஆபத்து வந்தது. மலையில் வழிதவறியவர்களைத் தேடிவந்த ஹெலிகாப்டர் ஒன்று முகட்டுக்குப் பின்னாலிருந்து திடீரென்று எழும்பி, அவன் டிரோனில் மோதாமல், தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டு நீளத்தில் விலகிப் பறந்தது.

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, டிரோன் ஸ்டோருக்குப் போகும், நீ பம்புக்குப் போவ!" என்றார் தர்மேந்திரன்.

கோலாலம்பூரிலிருந்து வந்த இளம் மேனேஜர் அவர். தோட்டத்தாருக்கு மட்டும் இன்னும் 'துரை'. வந்த மூன்றே மாதத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விரல்ரேகை இயந்திரம் வைத்தவர், பத்து மணித் தேநீர் இடைவேளையை ஒழித்தவர், தம் நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியவர்.

யோகேந்திரன் அஞ்சவில்லை, ஆராய்ந்தான். விமானங்கள் தாம் எங்கே, எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்பதை வானொலி அலையில் ஓயாமல் அறிவித்தபடியே போகின்றன என்று அறிந்தான். அந்த அறிவிப்பைப் பிடிக்கும் சிறு ரேடியோ, உள்ளங்கை அளவு கணினிப் பலகை, பழைய கைப்பேசியின் திரை, சட்டை மாட்டும் கம்பியை வெட்டிச் செய்த ஆண்டெனா ஆகிய அனைத்தையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினான். விமானம் நெருங்கினால் திரையில் புள்ளி தோன்றும், பெட்டி கீச்சிடும்.

"டின்னுல என்னங்க இருக்கு?" என்றாள் அவன் மனைவி பூவிழி.

"விமானம்."

"அப்ப பிஸ்கட்டு?"

"எறங்கிருச்சு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

முதல் நாளே முதல் தொல்லை. டிரோனின் இரைச்சலில் கீச்சொலி கேட்கவில்லை. பழைய லோரியின் ஹார்னைப் பெட்டியோடு இணைத்தான். ஹார்ன் அலறியது, கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு கத்தரியோடு வடிகால் கானுக்குள் குதித்தாள்.

"ஏன்டா தம்பி, தேயிலைக்குள்ள லோரி ஓட்டுறியா?" என்று சேற்றிலிருந்தே ஏசினாள்.

அடுத்த தொல்லை மலை. பள்ளத்தில் நின்றால் முகட்டுக்கு அப்பாலிருந்து ஒரு சமிக்ஞையும் வரவில்லை. ஆகவே தொழிற்சாலைக் கூரையில் பெரிய ஆண்டெனாவை நட்டு, அது பிடிப்பதைக் கைப்பெட்டிக்கு அனுப்பினான். அதே சூட்டில், தோட்டம் முழுவதும் கேட்கட்டும் என்று தொழிற்சாலைச் சங்கோடும் இணைத்துவிட்டான். ஏணியைப் பிடித்தவள், சங்கு அறையைக் கூட்டிப் பெருக்கும் கத்தரீன்.

"இந்தச் செவப்புப் பொத்தான் என்னாண்ணே?"

"கையால ஊதுறதுக்கு. தொட்டுறாத!"

"நான் ஏன் தொடப்போறேன் லா," என்றாள் அவள்.

துரை மகிழ்ந்தார். மருந்து சுமந்த டிரோன் தொழிலாளர் தலையில் விழுந்தால் வம்பு என்றெண்ணி, உடனே சுற்றறிக்கை விட்டார்: சங்கு ஊதினால் டிரோன் தரையிறங்க வேண்டும்; தொழிலாளர் அனைவரும் வேலையை நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஒதுங்கி அமர வேண்டும்.

மறுநாள் சங்கு ஊதியது. அமர்ந்தார்கள். எழுந்தார்கள். மறுபடியும் ஊதியது. பாங்காக் போகும் விமானம், பினாங்கு போகும் விமானம், சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானம் என்று வானத்தில் போன ஒவ்வொன்றுக்கும் தோட்டம் எழுந்து அமர்ந்தது.

"கோயில்ல தோப்புக்கரணம் போடுற மாதிரி இருக்குடா தம்பி!" என்றாள் அம்மாக்கண்ணு.

மாலையில் நிறுவைக்கு வந்த சாக்குகள் பாதிகூட நிறையவில்லை. துரை நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"முப்பதாயிரம் அடி மேல போறவனுக்கு எதுக்குய்யா நம்ம சங்கு? நாளைக்கும் இப்படி ஊதுச்சு, நேரா பம்புதான்!"

நியாயம் என்று தோன்றியது யோகேந்திரனுக்கு. டிரோன் பறப்பது தாழ்வில். ஆகவே ஆயிரத்து ஐந்நூறு அடிக்குக் கீழே வரும் விமானத்துக்கு மட்டுமே ஊது என்று பெட்டிக்குக் கட்டளையிட்டான்.

அற்புதம்! மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு ஒரே ஒரு முறை ஊதியது. அதற்கு மறுநாளும் பத்து மணிக்கே. யாரோ ஒரு கட்டுப்பாடான விமானி தினமும் அந்நேரத்தில் தாழப் பறந்து போகிறான் என்று தோட்டமெங்கும் பேச்சு. கைப்பெட்டித் திரையில் மட்டும் புள்ளி தெரியவில்லை. யோகேந்திரன் மேகத்தின் மேல் பழிபோட்டான்.

"பாத்தியா, எங்கிட்ட வேல செஞ்சா எல்லாம் ஒழுங்கா வரும்," என்று துரை அவன் நிமிர்ந்த முதுகில் தட்டினார். தலைமை அலுவலகத்து அதிகாரிகளை வரவழைத்து இந்த அதிசயத்தைக் காட்டவும் நாள் குறித்தார்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், ஒரு ஹெலிகாப்டர் தொழிற்சாலைக் கூரையை உரசுவதுபோல் பறந்து போனது. சங்கு வாய் திறக்கவில்லை. யோகேந்திரன் கண்ணால் கண்டு, டிரோனை இறக்கினான்.

பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். விமானங்கள் அறிவிக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கு! தோட்டமோ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு அடியில் ஒரு விமானம் வரவேண்டுமானால், அது மலையின் வயிற்றுக்குள் பறக்க வேண்டும்! பன்னிரண்டு நாளாகப் பெட்டி முழுச் செவிடு.

அப்படியானால் பத்து மணிக்கு வரும் விமானம் எது?

மறுநாள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் பம்பு. மறைத்தால் என்றாவது ஒருநாள் ஒரு ஹெலிகாப்டர் நிறைய உயிர்கள் போகும். பம்பே வரட்டும் என்று முடிவுசெய்த யோகேந்திரன், முதலில் பெட்டியைத் திருத்தத் தொழிற்சாலைக்கு ஓடினான். முற்றத்தில் துரை கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னும் ரெண்டே நிமிசம், விமானம் வந்துரும்," என்று அதிகாரிகளிடம் முழங்கிக்கொண்டிருந்தார்.

படியேறிச் சங்கு அறைக் கதவைத் தள்ளினான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் வைத்த கண் வாங்காமல் நின்றாள் கத்தரீன். அவள் விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. சன்னலுக்கு வெளியே, சரிவெங்கும் பெண்கள் சாக்குகளை இறக்கிவைத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கத்தரீன்! அப்ப... அந்த விமானம்?"

"பெட்டியச் சரி பண்ணுண்ணே, ஆகாயத்துக்கு அது கண்டிப்பா வேணும், ஆனா பத்து மணிக்கு வர்றது விமானம் இல்ல, தொர புடுங்குன நம்ம தேத்தண்ணி நேரம் லா. சும்மா பாத்துக்கிட்டு நிக்காம, நீயும் வந்து அமுக்கு!"