மூணு ஷிஃப்ட்டு ஐயா

பெரிய மனிதர்கள் இறந்த செய்தியைப் படித்துவிட்டுக் கடலை மிட்டாய் கொடுக்கிற ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் ஊரான வடக்குத்தில்தான் இருந்தார்.

சுரங்கத்தில் ராட்சத மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, என் மளிகைக் கடைக்கு எதிரே வீடு கட்டிக்கொண்டு வந்தார்.

"மனுசனுக்கு மூணு ஷிஃப்ட்டு பாய். ஷிஃப்ட்டுக்கு இருபத்தெட்டு வருசம். எண்பத்துநாலோட டியூட்டி ஓவர். அதுக்கு மேல ஓவர்டைம், ஓ.டி."

"ஆயுசு அல்லாஹ் கையில இருக்குங்க ஐயா."

"நான் மட்டும் இல்லேன்னா சொன்னேன்? ஷிஃப்ட்டு போடுறதே அவருதானே!"

காலையில் என் கடைப் பேப்பரைப் பிரித்தால், பெயருக்கு முன்னால் வயதைத்தான் பார்ப்பார். அறுபதில் போன பாடகர் என்றால், "பாதியில இறங்கிட்டாரே" என்று அன்று டீ கூடக் குடிக்கமாட்டார். விஞ்ஞானியோ மந்திரியோ எண்பத்தைந்து என்றால் கைதட்டல்தான். ஒருமுறை சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்த கட்சிக்காரர் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டார்.

"யோவ், எங்க தலைவரு செத்துட்டாருன்னு நாங்க அழுதுகினு இருக்கோம்!"

"எண்பத்தாறு தம்பி! ரெண்டு வருசம் ஓ.டி. பாத்துட்டுப் போயிருக்காரு. இதுக்குப் போயி அழுவுறியே!"

அடி விழாமல் பிடித்து இழுத்து வந்தது நான்தான்.

அவருக்கே எண்பத்துநாலு முடிந்தபோதுதான் வினை வந்தது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் ஆபத்து என்றார் டாக்டர். இவர், "டியூட்டி முடிஞ்சிடுச்சு" என்று மறுத்துவிட்டார். நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்டேன்.

ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஒரு நோட்டை நீட்டினார். சுரங்கத்தில் ஷிஃப்ட்டு முடிந்தால் மெஷினின் நிலைமையை எழுதி வைக்கவேண்டும். ரிலீவராக அடுத்த ஆள் வந்து படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இறங்கலாம். இவர் அதேபோல வீட்டின் நிலைமையை எழுதி வைத்திருந்தார்.

'மோட்டார் சத்தம் போடும், பயம் வேண்டாம். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடவும். அவளுக்குக் காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை, கெஞ்சினாலும் மேலே கூடாது. இடி இடித்தால் பக்கத்தில் உட்காரவும்.'

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"ஒரு கையெழுத்து போடு பாய்."

என் கை போகவில்லை. பின்னாலேயே வந்த அவர் வீட்டம்மா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"ஏங்க, ரிலீவர் வராம மெஷின வுட்டு இறங்கினா உங்க மைன்ஸ்ல என்ன பண்ணுவாங்க?"

"மெமோ குடுப்பாங்க."

"கையெழுத்து எங்க?"

அவர் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பேனாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

"அப்ப ஏறுங்க ஆட்டோவுல, ஆஸ்பத்திரிக்கு!"

ஏறிவிட்டார். போகும்போது, "இது ஓ.டி. பாய், ஒத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அல்லாஹ் இரண்டு வருடம் கொடுத்தான். போன மாதம், எண்பத்தாறில், நாற்காலியில் பேப்பரோடு இருந்தபடியே போய்விட்டார். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தேன். கண் தெரியாமல் சிலருக்கு இரண்டு கொடுத்திருப்பேன்.

பிறகு அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது வானம் உறுமினால், நானும் என் வீட்டுக்காரியும் கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுகிறோம்.