சனிக்கிழமை மதியம், எட்டுப் பேருக்கு மேஜை

நாலு பேர் சேர்ந்து வெளியூர் போய் இரண்டு வேளை சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அந்த நாலு பேரில் ஒருவர் மந்திரி ஆகிவிடுவார். யாரும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள், பதவிப் பிரமாணமும் கிடையாது. "எங்க சாப்டலாம்?" என்று யாராவது வாய்தவறிக் கேட்ட மாத்திரத்தில் அவர் செல்போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அத எங்கிட்ட வுட்டுடுங்க" என்பார். அவ்வளவுதான், சாப்பாட்டு இலாகா அவருடையது. இனி உங்களுக்குப் பசிப்பதற்குக்கூட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

ஊரப்பாக்கம் பூபாலன் இந்த இனத்தில் முதல் தரம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. எந்த வால்வை என்றைக்குக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று ஆறு மாதம் முன்னதாகவே அட்டவணை போட்டுப் பழகிய மனிதர், மனைவியின் நாற்பதாவது பிறந்தநாளைச் சும்மா விடுவாரா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரை வெறும் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். போன வருஷம் பிறந்தநாளன்று, வழக்கம்போல வடை பாயசம் செய்து எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, ஆறிப்போன சாம்பாரைத் தட்டில் ஊற்றிக்கொண்டே கல்யாணி சொன்னாள்: "கல்யாணம் ஆயி பதினாறு வருசமாச்சு. ஒரு நாளாவது மொத ஆளா, சூடா சாப்டணும்னு ஆச." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பூபாலனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றே முடிவு செய்தார்: அடுத்த பிறந்தநாளுக்கு இந்த வடை பாயசமெல்லாம் கிடையாது. மாமல்லபுரத்தில், கடலுக்கு எதிரே, ஆவி பறக்க, முதல் ஆளாகக் கல்யாணி சாப்பிடுவாள்.

பிறந்தநாள் அக்டோபரில். ஜூலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. 'ரகசியம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் கல்யாணியின் தம்பி கலைவாணன், அவன் மனைவி சுஷ்மிதா, ஆபீஸ் நண்பர்கள் ஜெரோமும் சம்பத்தும், அவர்கள் மனைவிமார் என்று எல்லோரும் இருந்தார்கள், கல்யாணியைத் தவிர. யாருக்காக விருந்தோ அவரிடம் மட்டும் எதுவும் கேட்கக் கூடாது என்பது இந்த மந்திரிகளின் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம், நல்ல பேர் வாங்கிய ஓட்டலை நம்பக் கூடாது. ஐந்து ஸ்டார் கொடுத்தவர்களைப் பூபாலன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒரு ஸ்டார் கொடுத்து ஒரு பக்கத்துக்குத் திட்டியிருப்பவர்களைத்தான் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார். "மாமா, திருப்போரூர்ல ஒரு ஓட்டல் கீது, இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்" என்றான் கலைவாணன். "இருக்கும்பா. நான் ஒண்ணும் சொல்லல. ரிவ்யூ சொல்லுது, சட்னி தண்ணியா கீதாம்" என்று பதில் வந்தது. அதோடு திருப்போரூரின் கதை முடிந்தது.

ஒரு நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பைக்கில் மாமல்லபுரம் போய் நேரிலும் பார்த்தார். முதலில் கை கழுவும் இடம். அப்புறம் கார் நிறுத்த எத்தனை அடி இடம் என்று காலால் அளந்தார். பிறகு ஜன்னலோர மேஜையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயில் எந்த நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணில் அடிக்கும் என்று நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தார். சர்வர் பயந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டார். கடைசியில் கடற்கரைப் பக்கத்து மீன் ஓட்டல் ஒன்று தேர்வானது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி, எட்டுப் பேர், ஜன்னலோரம், முழுக் கொடுவா மீன். கேட்ட மாத்திரத்தில் அந்த மேஜை கிடைத்ததில் பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு மாசம் முன்னாடியே சொன்னா இப்டித்தான்" என்று குழுவில் போட்டார்.

அதற்குப் பிறகு அட்டவணை பதினோரு முறை திருத்தப்பட்டது. சூரியன் மறைகிற நிமிஷம், கடலின் ஏற்றவற்றம், யாருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் ஏறின. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆறு கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. யாராவது படித்தார்களா? மந்திரி என்று ஒருவர் அமைந்துவிட்டால் மற்றவர்கள் மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள், நீங்களும் நானும் அப்படித்தானே செய்கிறோம்.

பிள்ளைகளைச் செய்யூர் சித்தி வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் மாமல்லபுரம் வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை காலை. அட்டவணைப்படி எட்டு மணிக்கு இட்லி, பொங்கல். கல்யாணி குளித்து, புதுப் புடவை கட்டி, காபி மட்டும் குடித்தாள். மதியத்துக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்கிறாள் என்று பூபாலன் பூரித்துப்போனார்.

"ஏங்க, பெருமாள் கோயிலுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாமா?"

"கோயிலு சாயங்காலம் நாலு பத்துக்கு. எல்லாம் போட்டு வெச்சிகீறேன்."

கல்யாணி கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். எட்டுப் பேரும் பன்னிரண்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஓட்டலில் அவர்களைத் தவிர வேறு ஈ காக்கை இல்லை. இவ்வளவு நல்ல ஓட்டல் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி பூபாலனுக்குள் எழுந்தது. எழுந்த கேள்வியை அப்படியே உட்கார வைத்துவிட்டார், ஏனென்றால் அதற்குள் முழுக் கொடுவா மீன் ஆவி பறக்க வந்து கல்யாணியின் முன்னால் இறங்கிவிட்டது.

மூன்று மாத உழைப்பு அந்தத் தட்டில் இருந்தது. பூபாலன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்டு கல்யாணி. மொத ஆளா. சூடா."

கல்யாணி மீனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னிக்கி இன்னா கெழம?"

"சனிக்கெழம."

"இன்னா மாசம்?"

"அக்டோ..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். புரட்டாசி. கடைசிச் சனிக்கிழமை. மூன்று வாரமாக வீட்டில் முட்டைகூட உடையவில்லை. அவரும் அந்த மூன்று வாரமும் சாம்பாரும் அப்பளமுமாகத்தான் ஆபீசுக்கு டப்பா கட்டிக்கொண்டு போனார். பதினாறு பிறந்தநாளும் ஏன் வடை பாயசத்தோடே போயின என்பது அவருக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"உங்களுக்கெல்லாம் தெரியாதா?" என்றார் மற்றவர்களைப் பார்த்து, ஈனசுரத்தில்.

"நீங்க எல்லாம் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் மாமா" என்றான் கலைவாணன். "சைவம் தனியா சொல்லிருப்பாருன்னு நானும்..." என்று இழுத்தார் சம்பத். சைவம் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "வெஜ் ஃப்ரைட் ரைஸ் கீது சார். ஆனா வாணலி அதேதான்" என்றார் சர்வர், மறைக்காமல்.

ஜெரோம் மட்டும் கைக்குட்டையைக் கழுத்தில் சொருகிக்கொண்டார். "மச்சான், மீன வேஸ்ட் பண்ணக் கூடாது. நானும் எம் பொண்டாட்டி சிநேகாவும் பாத்துக்கறோம். நீங்க கெளம்புங்க" என்று நட்புக்காகத் தியாகம் செய்ய முன்வந்தார்.

ஊரையே அட்டவணையில் அடக்குகிற மந்திரியானாலும், பசித்திருக்கும் மனைவியிடம் என்ன சாக்குச் சொல்ல முடியும்? தலை குனிந்தபடி பூபாலன் கல்யாணிக்குப் பின்னால் தலசயனப் பெருமாள் கோயிலுக்கு நடந்தார், கலைவாணனும் மற்றவர்களும் கூடவே வந்தார்கள். அட்டவணையில் இல்லாத நடை அது. புரட்டாசிச் சனி என்பதால் நடை சாத்தவில்லை, வரிசை தெரு வரை நின்றது. தரிசனம் முடிந்து வெளியே வந்தால், யாரோ ஒரு குடும்பத்தார் அப்போதுதான் அண்டாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல்.

"எங்க அக்காவுக்கு இன்னிக்கி பொறந்தநாளு!" என்று கத்தினான் கலைவாணன்.

கரண்டி வைத்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அப்டியா? பெருமாள் மாசத்துல பொறந்த பொண்ணு. வாம்மா, மொத உனக்குத்தான்" என்று தொன்னை நிறைய அள்ளிக் கொடுத்தார். நெய் வழிந்தது, ஆவி கல்யாணியின் முகத்தில் அடித்தது. விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இருநூறு பேர் காத்திருந்தார்கள்.

பூபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமும் சந்தோஷமும் சரிபாதி.

"இன்னாங்க அப்டி பாக்கறீங்க? நல்லா சூடா கீது. மூஞ்சிய தொங்கப் போடாம சாப்புடுங்க" என்று தொன்னையை நீட்டினாள் கல்யாணி.

அவர் ஒரு வாய் வாங்கிக்கொண்டார். மென்றார். விழுங்கினார். பிறகு கண்ணாடி மெல்ல நெற்றிக்கு ஏறியது, செல்போன் வெளியே வந்தது. கரண்டி அம்மாளின் பக்கம் குனிந்து பணிவாகக் கேட்டார்: "யம்மா, அடுத்த வருசமும் இதே டைமுக்குத்தான் தொறப்பீங்களா? எட்டு பேருன்னா முன்னாடியே சொல்லி வெக்கணுமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பொங்கலின் நெய் வழிந்த இடத்தில், 'அங்கே கார் நிறுத்த இடம் இருக்குமா?' என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் இந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போய், வீட்டில் இருப்பவரிடம் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். செல்போன் இங்கேயே இருக்கட்டும்.