கடல் தாண்டிப் பறித்த மிளகு

கோயம்புத்தூர்,
பிப்ரவரி 16

மரியாதைக்குரிய பொன்னுவேல் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் சிவசக்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம். வெள்ளக்கடையில் நீங்களும் அத்தையும் புவனாவும் நலமாக இருப்பீர்கள். உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது என்பது போன வாரம் போனில் நீங்கள் பேசிய சத்தத்திலேயே தெரிந்தது.

"ஏங்கண்ணு, நம்ம மலையில பறிக்கற மிளகு பத்தாதுன்னு கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிப் பறிக்க உட்டயா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், புவனா கல்யாணத்துக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், உங்களோடு பேச வேண்டியதில்லை என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மணமேடையில் புவனா பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்குள் இருக்கும் பேச்சு. நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் போட்டோவில் நன்றாக இருக்காது. போனில் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன். படித்து வேலைக்குப் போன பிள்ளை பெற்றவர்களைக் கூலிக்கு விட்டுவிட்டுக் கடல் பார்த்து வந்ததாகக் கொட்டச்சேட்டில் எங்கள் லைன் வீட்டுக் குழாயடியிலும் பேச்சாம். அப்பா அந்தமானில் கொடுத்த பச்சைத் தொப்பியைக் கழற்றாமல் எஸ்டேட்டுக்குள் நடந்தால் அப்படித்தான் பேசுவார்கள்.

மாமா, அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நீங்களும்தான் கேட்டீர்கள், உங்கள் தங்கை மருதாயி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ கொண்டுவா, அப்போது நம்புகிறேன் என்று. ஊட்டிக்குக் கூட்டிப்போனால் அங்கேயும் மலை. அதனால்தான் அந்தமான். காப்பிப் பழம் எடுத்து முடிந்து மிளகு தொடங்குவதற்கு முன்னால், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லி ஒரு வாரம் லீவு வாங்கியாயிற்று. தீவு என்றால் கடலும் மணலும்தான் இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் தவறினேன்.

சென்னை ஏர்போர்ட்டில் அப்பா இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்தார்கள். எதற்கு என்று அந்த அதிகாரி கேட்டதற்கு, இடுப்பில் இல்லாவிட்டால் நடை கோணலாகிறது என்று அப்பா உண்மையைச் சொன்னார். கத்தி போயிற்று. விமானம், கப்பல், வேன் என்று மாறி மாறிப் போய் இறங்கினால் ரிசார்ட் முழுக்கப் பாக்கு மரம், பலா மரம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அப்பா கடல் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "பழுத்துருச்சு. குருவி திங்குது," என்றார். அம்மா கீழே உதிர்ந்து கிடந்த மிளகைக் குனிந்து பொறுக்கியது. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது தான் மட்டும் போட்டுக்கொள்வது எப்படி என்று அம்மா கரண்டியை வாங்கி எல்லாருக்கும் பரிமாற ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக்காரர் ஒருத்தர் இரண்டாம் தரம் வந்து வாங்கிப் போனார். விடிந்து பார்த்தால் அறையைப் பெருக்கி, போர்வை மடித்து, துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. அறையைச் சுத்தம் செய்ய வந்த தீபிகா, தன்மேல் ஏதாவது புகாரா என்று என்னிடம் அழாத குறையாகக் கேட்டாள்.

இனிமேல்தான் கேளுங்க மாமா. அந்தத் தீவுல நம்ம ஊரை விட சீக்கிரமா விடிஞ்சுருது. ஆறு மணிக்கே நல்ல வெயில். அப்பா வெயிலைப் பாத்ததும் நேரமாச்சுன்னு பதறி எந்திரிச்சாரு. அதே நேரத்துக்குத் தோட்ட ஆளுங்களைக் கூப்பிட வெளியே மணி அடிச்சாங்க. நம்ம எஸ்டேட்ல தண்டவாளத் துண்டைத் தட்டுவாங்களே, அதே சத்தம். முப்பது வருசமா அந்தச் சத்தத்துக்கு ஓடின கால், ஓடிருச்சு. பின்னாடியே அம்மா. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள ரெண்டு பேரும் வரிசைல நின்னு பேர் கொடுத்துட்டு இருந்தாங்க. தோட்டத்துக்கு சூப்பர்வைசர் மனுவேல் அண்ணன். அவங்க தாத்தா காலத்துலயே தூத்துக்குடில இருந்து போனவங்க. புதுசா ரெண்டு ஆள் வரும்னு அவர் எதிர்பார்த்திருந்த நாளாம் அது. தமிழ் ஆளுங்களே வந்துட்டாங்கன்னு சந்தோசப்பட்டு ரெண்டு பச்சைத் தொப்பியும், அப்பாவுக்கு ஒரு கத்தியும் கொடுத்துட்டாரு. கத்தியை இடுப்புல சொருகினதும் அப்பா நடை நேராயிருச்சு.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். முப்பது பேர் நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடி எப்படிப் பேசறதுன்னு வேப்ப மரம் மாதிரி நின்னேன். அப்புறம் தனியாப் பாத்துச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒம்பது மணிக்கு அடியில கண்ணாடி போட்ட படகுல மீன் பாக்க மூணு சீட்டு போட்டிருந்தது. நான் ஒருத்தியே நடுவுல உக்காந்து போனேன். மீன் நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாளும் மணி அடிச்சது, மறுநாளும் ஓடினாங்க. என்னமோ நாந்தான் அனுப்பினேன்னு நீங்க சொல்றீங்க. ரூம் கதவைப் பூட்டிச் சாவியை என் தலகாணிக்கு அடியில வெச்சுப் படுத்தேன். பின்பக்கம் ஒரு கதவு இருக்கறது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது.

ஒண்ணு மட்டும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. மூணாம் நாள் விருந்தாளிகளைத் தோட்டம் சுத்திக் காட்டினாங்க. நானும் போனேன். கூட்டிட்டு வந்தவர் மிளகு எப்பப் பறிக்கணும்னு தப்பாச் சொன்னார். ஏணியைப் புடிச்சுட்டு நின்ன அம்மா, "ஏனுங்க, சரத்துல ஒண்ணு ரெண்டு செவந்தாப் போதுமுங்க. எல்லாம் செவக்கற வரைக்கும் உட்டா உங்களுக்கு மிச்சம் காம்புதான்," அப்படின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. டெல்லிக்கார அம்மா ஒருத்தங்க எங்கிட்ட போனைக் கொடுத்து, அந்த மிளகு பறிக்கற அம்மா கூட என்னை ஒரு படம் எடுன்னு கேட்டாங்க. எடுத்துக் கொடுத்தேன் மாமா. அது எங்கம்மான்னு சொல்லலை. அம்மா தொப்பியைச் சரி பண்ணிட்டு, என்னை யாரோ மாதிரி பாத்துச் சிரிச்சுது. எனக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னு அப்படிச் சிரிச்சுதுன்னு அப்புறந்தான் புரிஞ்சது. நீங்க திட்டறதுன்னா இதுக்குத் திட்டுங்க. மத்ததுக்கு வேண்டாம்.

அன்னைக்குப் படுத்தும் தூக்கம் வரலை. நாலாம் நாள் மத்தியானம், கடைசி நாள் ஒரு வேளையாவது உக்காந்து சாப்பிடலாம்னு கெஞ்சி ரெண்டு பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். தொப்பியோடதான் வந்தாங்க. கூடத்தைப் பாத்துக்கற பையன் ஓடி வந்து, தோட்டத்து ஆளுங்களுக்குப் பின்னாடி சாப்பாடுன்னு தணிவாத்தான் சொன்னான். அப்பா சரிங்கன்னு திரும்பிட்டாரு. நான் எந்திரிச்சேன். எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்துச்சுன்னு தெரியலை.

"அவங்க எங்கப்பா, எங்கம்மா. ஏழாம் நம்பர் ரூம்."

கூடமே திரும்பிப் பாத்துச்சு. டெல்லிக்கார அம்மா கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க. மனுவேல் அண்ணன் விசயம் கேட்டு ஓடி வந்து, பேரேட்டைத் தெறந்து ரெண்டு பேரோட பேரையும் அடிக்கப் போனாரு. அப்பா அவர் கையைப் புடிச்சுட்டாரு.

"ஏனுங்க, பேரை அடிச்சுறாதீங்க. மூணு நாளு வந்திருக்கறமில்லீங்க."

அம்மா எங்கிட்ட வந்து, "எதுக்குக் கண்ணு இந்தக் கத்து கத்தற? பின்னாடி கருவாட்டுக் கொழம்பு. இங்க வெக்கறது ஒண்ணும் நல்லால்ல. நீயும் வா," அப்படின்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு. போனேன். கொழம்பு நொம்ப நல்லாத்தான் இருந்துச்சு மாமா.

சாயங்காலம் மனுவேல் அண்ணனே ரெண்டு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் மணல்ல போட்டு, எந்திரிச்சா தொப்பியைப் பிடுங்கிருவேன்னு சொல்லி உக்கார வெச்சாரு. நீங்கள் கேட்ட போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா கால் மேல் கால் போட்டிருக்கிறது, முன்னால் கடல், கையில் வேலை இல்லை. என்மேல் குற்றம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. இனி எங்கே போனாலும் வேலை பார்க்க மாட்டோம் என்று இருவரும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். புவனா கல்யாணத்தில் நீங்கள் என்னோடு பேசினால் போதும். திட்டினாலும் பேச்சுதான்.

அத்தைக்கு என் வணக்கம். புவனாவுக்கு அன்பு. உங்கள் ஆசீர்வாதத்தை, கோபம் தீர்ந்த பிறகு, சௌகரியப்பட்டபோது அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
சிவசக்தி

பின்குறிப்பு: போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டாம். பார்த்தால் அம்மா மடியில் மிளகுச் சரம் இருப்பதும், பெருவிரல் அதை உருவிக்கொண்டிருப்பதும் தெரியும். நான் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நேற்று மனுவேல் அண்ணன் போன் பண்ணினார். அடுத்த வருசம் ஜனவரி ரெண்டாம் வாரம் பழுத்துருமாம். அப்பா இப்பவே ரைட்டர்கிட்ட லீவு சொல்லிட்டாரு. ஏணி புடிக்க எங்கண்ணன் வந்தா நல்லாருக்கும்னு அம்மா சொன்னதால, அத்தைகிட்ட உங்க ஆதார் நகலை வாங்கி உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு. சீட்டு என் பக்கத்துலதான். பேச இஷ்டமில்லைன்னா ஜன்னலைப் பாத்துட்டு வரலாம். கத்தி மட்டும் எடுத்துட்டு வராதீங்க. அங்கேயே கொடுப்பாங்க.