எதிரியின் சட்டைக்கு நல்ல தாள்

மனைவியை ஆங்கில இலக்கியத் தேர்வு எழுத விடுவதில்லை என்று சலவைக் கடைக்காரர் முடிவு எடுத்தபோது காலை ஒன்பதரை மணி. கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதனால் முடிவும் நல்ல சூடாகவே இருந்தது.

முடிவை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வாய்விட்டுச் சொன்ன முடிவு எதுவும் சாயங்காலம் வரை உயிரோடு இருந்ததில்லை. இதையாவது பிழைக்க வைப்போம் என்று மனசுக்குள்ளேயே பூட்டிக்கொண்டார்.

தெருவில் அவருக்குப் பெயர் மடிப்பு. அவர் போடும் மடிப்பு ஒரு வாரம் கலையாது, அதனால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். மனிதரே அப்படித்தான், ஒரு தடவை முறுக்கிக்கொண்டால் பிறகு நிமிர மாட்டார், அதனால் வந்த பெயர் என்று தெரு சொல்லும்.

மனைவி பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடமும் தேறி, ஆங்கில இலக்கியத்தில் மட்டும் இரண்டு தடவை தவறி, அதோடு கல்யாணமாகி வந்தவள். முப்பது வருஷமாக அந்த ஒரு பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் பெண்கள் பள்ளிக்குத் திரைச்சீலை கொடுக்கப் போனாள். நூலகத்துக்கு உதவியாள் வேண்டும், இறுதித் தேர்வு முழுசாகத் தேறியிருக்க வேண்டும், வயது தடையில்லை என்று அங்கே பலகையில் எழுதிப் போட்டிருந்தது. திரைச்சீலையைக் கொடுத்துவிட்டு, தேர்வுக்குப் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா இங்கிலீசு?" என்றார் மடிப்பு.

"அந்த வயசுல வரல. அதான் இந்த வயசுல."

"தேறலன்னா நாலு பேரு சிரிப்பாங்க."

"ரெண்டு தடவை சிரிச்சிட்டாங்க. பழகியிருக்கும்."

மடிப்பு அடுத்த சட்டையை மேஜையில் விரித்தார். அவரிடம் இருந்த உண்மையான காரணம் ஒன்றுதான். அதைச் சொல்ல முடியாது.

கடை என்பது வீட்டின் முன்னறை. நடுவில் நீள மேஜை. ஒரு பக்கம் அவர் நின்று இஸ்திரி போடுவார். எதிர்ப்பக்கம் அவள் உட்கார்ந்து அறுந்த பட்டன்களைத் தைப்பாள். தைத்துக்கொண்டே பேசுவாள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மேலதிகாரி சட்டைக் காலரில் முடிக்குப் போடும் கறுப்பு மை ஒட்டியிருந்தது, எல்லாம் வரும். அவர் 'ம்' போடுவார். ஒரு நாளைக்கு நானூறு 'ம்'. அவருடைய சந்தோஷம் மொத்தமும் அந்த 'ம்'முக்குள்தான் இருந்தது. அவள் நூலகத்துக்குப் போய்விட்டால் அவர் யாருக்கு 'ம்' போடுவது? ஆவி விடுகிற பெட்டிக்கா?

இப்போதே பாதி போய்விட்டது. பட்டன் டப்பா இருந்த இடத்தில் புத்தகம் இருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. பழக்கத்தில் அவர் 'ம்' போட்டால், "என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஆகவே அவர் ஒரு திட்டம் போட்டார். திட்டம் புரிய வேண்டுமானால் அவருடைய எதிரியைப் பற்றித் தெரிய வேண்டும்.

எதிரி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஆங்கில வாத்தியார். ஒன்பது வருஷம் முன்பு ஒரு நாள், கடையில் நாலு வாடிக்கையாளர் நிற்கும்போது, கால்சட்டையில் இரட்டை மடிப்பு விழுந்திருப்பதைத் தூக்கிக் காட்டி, "இதுக்குப் படிப்பா வேணும், கண்ணு இருந்தாப் போதாதா?" என்று கேட்டுவிட்டார். மடிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கண்ணைச் சொன்னதை மன்னித்தார். படிப்பைச் சொன்னதை மன்னிக்கவில்லை. அன்றைக்கே வாத்தியாருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்தார். இனி அந்த ஆளோடு ஒரு வார்த்தை கிடையாது என்று சபதம் செய்தார். துணியை வாங்கு, துணியைக் கொடு, வேறு பேச்சு பேசக்கூடாது என்று மனைவியிடமும் சத்தியம் வாங்கினார். சிவப்பு மை படியேறினால் மடிப்பு பின்னறைக்குப் போய்விடுவார்.

கோபத்தை ஒன்பது வருஷம் வாடாமல் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அதற்கும் உழைக்க வேண்டும். மடிப்பு உழைத்தார். எதிரியிடமிருந்து வாரம் ஆறு சட்டை. அந்த ஆறு சட்டைக்கும் அவர் பட்ட பாட்டை வேறு எந்தச் சட்டைக்கும் பட்டதில்லை. இனி அந்த ஆள் ஒரு குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது, கண்டுபிடிக்க முடியாமலே சாக வேண்டும். அதுதான் பழிவாங்கல். சட்டையை மடிக்கும்போது விறைப்பாக நிற்க உள்ளே ஒரு தாள் வைப்பது வழக்கம். ஊருக்கெல்லாம் பழைய செய்தித்தாள். சிவப்பு மைக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று கெட்டித் தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைத் தாள் தீர்ந்துபோயிருந்தது. அலமாரியில் தேடினார். மனைவி பாடக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பழகிய தாள் ஒன்று மேலாக இருந்தது. நல்ல கெட்டி. ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அது பாடம் என்பது தெரிந்தது.

அங்கேதான் திட்டம் பிறந்தது. படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் அவளுக்கே சலித்துவிடும். புத்தகத்தை மூடுவாள். பட்டன் டப்பா மறுபடி மேஜைக்கு வரும். யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது. எழுத்து உள்பக்கம் போகும்படி தாளைச் சட்டைக்குள் வைத்து மடித்தார். திருட்டு வேலையானாலும் மடிப்பு நேராக விழுந்தது.

மறுவாரம் அவள் அழுவாள், அலமாரியைக் கலைப்பாள் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால் அதே இடத்தில் இன்னொரு தாள். அதையும் அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் இரண்டு இருந்தது. இரண்டையும் அனுப்பினார். திருடனுக்குக்கூட இவ்வளவு வசதி யாரும் செய்து கொடுக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் அவர் அறியாமலே அவரும் பாடத்துக்குள் இழுக்கப்பட்டார். பாடப் புத்தகத்தில் ஒரு கதை. அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டை போட்டு, வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இருபது வருஷம் பேச்சில்லை. ஆனால் தம்பி தினமும் காலையில் தன் வாசலைப் பெருக்கும்போது அண்ணன் வாசலையும் சேர்த்துப் பெருக்குகிறான். ஏன்? இதுதான் கேள்வி. பத்து மதிப்பெண். மனைவி இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கதையைத் தமிழில் சொல்லி, அவரையே கேட்டாள்.

"இது ஒரு கேள்வியா?" என்றார் மடிப்பு. பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அண்ணன் வாசல் குப்பையாக் கெடந்தா, பாக்கறவன் அண்ணனைப் பாவம்னு சொல்லுவான். பாவப்பட்டவனோட எப்பிடிச் சண்டை போடறது? எதிராளி பளிச்சுனு இருந்தாத்தான் நம்ம கோவத்துக்கு மரியாதை."

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு பேனாவை நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"இருவது வருஷமா ஒரு நாள் விடாம பெருக்கறான். வெறும் கோவத்துக்கா?"

மடிப்பு பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த காலரை மறுபடி தேய்த்தார். பேச ஆளில்லாமல் பெருக்கியிருப்பான், பெருக்கும் சத்தமாவது அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றிருக்கும் என்று முனகினார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளும் வெள்ளிக்கிழமை சட்டைக்குள் போயிற்று.

அவளுடைய தைரியம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. தாள் போகப் போக அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை அழுக்குத் துணி வந்து விழுந்தால் அவள்தான் பிரித்துப் பைகளைச் சோதித்துக் குறி போடுவாள். இப்போதெல்லாம் அந்த வேலையைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். அழுக்குத் துணியில் அப்படி என்ன இனிக்கிறது என்று அவர் யோசித்தார். விடை கிடைக்கவில்லை.

தேர்வு ஒரு திங்கட்கிழமை. முந்தின ஞாயிறு மத்தியானம் அவள் முதல் தடவையாக அலமாரியைத் துழாவினாள்.

"ஏங்க, நான் எழுதிப் பாத்த தாளெல்லாம் இங்கதான வெச்சேன்?"

காற்றில் பறந்திருக்கும் என்றார் மடிப்பு. ஜன்னல் சாத்தியிருந்தது.

"சரி, பரவால்லங்க" என்றாள் அவள். "இருக்கறத வெச்சு எழுதறேன். ரெண்டு தடவை வராதது மூணாவது தடவை மட்டும் வந்துருமா என்ன?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். எதிர்த்துக் கத்தியும் இருப்பார். அந்தப் 'பரவால்ல' அவரைப் பிசைந்துவிட்டது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத்தில் தனக்கென்று எதுவும் கேட்காதவள். கேட்டது ஒரு தேர்வு. அதைத் துணிக்குள் வைத்து மடித்து, அனுப்பியும் விட்டார், அதுவும் யாருக்கு!

ஐந்தரை மணிக்குச் செருப்பை மாட்டினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

இரண்டு தெருவைக் கடந்த காலில் ஒன்பது வருஷக் கனம் இருந்தது. தாள்கள் கிடைத்தால் அவள் தேறுவாள். தேறினால் போய்விடுவாள். மேஜையின் எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கும். நடந்துகொண்டே இதையெல்லாம் நினைத்தார். நினைத்தும் கால் திரும்பவில்லை. கிடக்கட்டும், நாம்தான் பெட்டியோடு பேசிக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டார்.

சிவப்பு மையைக் கண்டால் என்ன சொல்வது என்று ஒன்பது வருஷமாக அவர் வசனம் தயார் செய்து வைத்திருந்தார். கதவு திறந்தது. அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"தாளு."

வாத்தியார் அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் போட்டிருந்தது மடிப்பின் கைப்பட்ட சட்டை. ஞாயிறு சாயங்காலமும் காலர் நிமிர்ந்து நின்றது. தன்னை மீறி மடிப்புக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

குற்றத்தை அவர் நின்றபடியே ஒப்புக்கொண்டார். மனைவியின் பாடத் தாள்களைத் தெரிந்தே சட்டைக்குள் வைத்து அனுப்பியதாகவும், குப்பையில் போடாமல் இருந்தால் தயவுசெய்து கொடுத்துவிடும்படியும், அவளுக்கு நாளைக் காலையில் பரீட்சை என்றும் சொன்னார்.

"எல்லாத்தையும் அப்பவே திருப்பி அனுப்பிட்டேனே" என்றார் வாத்தியார். "திருத்தி, அழுக்குச் சட்டைப் பையில வெச்சு அனுப்புவேன். முதல் தாள் தற்செயலா வந்துச்சு. வாத்தியார் கைக்குத் தப்பு இருக்கற தாள் கெடைச்சா சும்மா இருக்குமா? திருத்தி அனுப்பினேன். அடுத்த வாரத் தாள்ல கீழ நன்றின்னு எழுதியிருந்தாங்க. அப்புறம் வாராவாரம் உங்க கையாலதான் பாடம் வந்துச்சு."

மடிப்பு உட்கார்ந்தார். உட்காரச் சொன்னார்களா என்று அவருக்கு நினைவில்லை. சத்தியத்தை அவள் மீறவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரியின் சட்டைக்கு நல்ல தாள்தான் போகும் என்று தெரிந்து நல்ல தாளில் எழுதினாள். அவ்வளவுதான் செய்தாள். மீதியை அவர் செய்தார்.

"நாளைக்கு அவங்க கண்டிப்பாத் தேறிடுவாங்க" என்றார் வாத்தியார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த வாசல் பெருக்கற கேள்விக்குப் பதில் சொன்னது நீங்கதான்னு தாள்ல எழுதியிருந்தாங்க. இத்தனை வருஷத்துல எந்தப் பிள்ளையும் எனக்கு அப்பிடி எழுதிக் குடுத்ததில்ல. அன்னைக்குப் படிப்பைப் பத்தி நான் சொன்னது…"

"சட்டைக் காலரைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கங்க சார்" என்றார் மடிப்பு. அதற்கு மேல் மன்னிக்க அவருக்குத் தெரியாது.

வாத்தியார் காலரைச் சரி செய்துகொண்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வெள்ளிக்கிழமை மடிப்பு கடைசியாக மடித்து அனுப்பிய தாள். அதன் அடியில் பாடத்தோடு சேராத நாலைந்து வரி இருந்தது. வாத்தியார் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வருவார். திட்டாமல் உள்ளே கூப்பிடுங்கள். நூலக வேலை மத்தியானம் வரைக்கும்தான், அதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் பட்டன் தைக்க நான் மேஜைக்கு வந்துவிடுவேன்.

மடிப்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் கணக்கையும் பத்து நிமிஷம் முந்திவிட்டோம் என்று அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதை மறைக்க, ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டார். சர்க்கரை மட்டும் தூக்கலாக இருக்கட்டும் என்றார்.

வாத்தியார் தாளின் கடைசி வரியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"டீ போட்டாச்சு. சர்க்கரை அரை ஸ்பூனுக்கு மேல கேப்பீங்க, குடுக்க வேண்டாம்னு ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்காங்க."