அன்னம்மாளின் எடை

பெங்களூரில் தனியாக வாழும் மூதாட்டிகளில் ஒருவரைக்கூட யாரும் கூப்பிட்டு நலம் விசாரிப்பதில்லை என்றது மென்பொருள். நூற்றுக்கு நூறு.

"இப்படிக் குடுத்தா க்ளையன்ட் சிரிப்பாங்க," என்றாள் மேனேஜர் தர்ஷினி.

கணக்குப் போட்ட இளங்கோவன் தோண்டிப் பார்த்தான். ஆயிரம் பேரிடம் எடுத்த சர்வேயில் தனியாக வாழும் மூதாட்டி ஒரே ஒருவர்தான் அகப்பட்டிருந்தார். அடுகோடிப் பேட்டையில் இருக்கும் அன்னம்மாள். குறைவாக அகப்பட்டவர்களின் பதிலுக்கு மென்பொருள் எடையைக் கூட்டிவிடும். அந்த அம்மாள் வாய் திறந்தால் பல்லாயிரம் பேர் பேசியதாகக் கணக்கு.

"அவங்களையே கேட்டு செக் பண்ணிடு," என்றாள் தர்ஷினி.

வைட்ஃபீல்ட் அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்தான். "நல்லா இருக்கீங்களாம்மா?"

நாஷ்டா ஆயிற்றா என்று அவர் கேட்டார். பேச்சு முட்டிவலிக்குப் போய், காவேரித் தண்ணீர் வராத குழாயில் நின்றது. கேள்விக்கு வருவதற்குள் மீட்டிங்குக்கு அழைத்துவிட்டார்கள்.

மறுநாள் முட்டிவலியை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு நேராகக் கேட்டான். "இந்த வாரம் யாராவது கூப்பிட்டு விசாரிச்சாங்களாம்மா?"

"விசாரிச்சாங்களே கண்ணு."

பதிலை மாற்றினான். இப்போது ஊரிலுள்ள மூதாட்டிகள் எல்லோரையும் யாரோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தர்ஷினி தலையில் கை வைத்தாள். "முதியவங்களுக்கு ஃபோன் பண்ணிப் பேச ஆளு போடலாமான்னு பார்க்கத்தான் இந்த சர்வேயே. இதைப் பார்த்தா திட்டமே வேணாம்பாங்க."

அன்னம்மாளின் எடையைக் குறைத்துப் பார்த்தான். குறைத்த எடை தனியாக வாழும் ஆண்களின் தலையில் ஏறி, ஊரில் மூதாட்டிகளே இல்லை என்றாகிவிட்டது. பழையபடி வைத்துவிட்டு மறுபடி ஃபோன் செய்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நிஜமாவே கூப்பிட்டாங்களா?"

"இப்பல்லாம் அடிக்கடி ஃபோன் வருது கண்ணு. தங்கமான மனசு. முட்டிவலி எப்படி இருக்குன்னு கேக்காம வைக்கிறதில்ல."

கேட்க இதமாகத்தான் இருந்தது. ஊரில் எங்கோ ஒரு மகனோ மருமகளோ மனம் மாறியிருக்கவேண்டும். திட்டம் போனால் போகட்டும், இந்த அம்மாளுக்காவது ஆள் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டான்.

"கூப்பிடுறவங்க என்ன உறவுன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு," என்றாள் தர்ஷினி. "அதைக் கேட்டுப் போட்டுட்டு ஃபைலை மூடு."

கடைசியாக ஒருமுறை எண்ணை அழுத்தினான்.

"அம்மா, முட்டிவலி தேவலையா? ஒரே ஒரு கேள்விதான். உங்களைக் கூப்பிட்டுப் பேசுறாங்களே, அவங்க உங்களுக்கு என்ன உறவு?"



"அதை நீதான் சொல்லணும் கண்ணு. உன்னை விட்டா வேற யாரு கூப்பிடுறாங்க?"