தேருக்கு அடுத்தது பாய் கார்

காஞ்சிபுரத்தில் தேருக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் கைகொடுத்து நகர்த்தியது கார்புரேட்டர் பாயின் காரைத்தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், மெக்கானிக். ஊருக்கெல்லாம் வண்டி சரிசெய்து கொடுப்பார். அவருடைய முப்பது வருஷத்து வண்டியை மட்டும் தினமும் காலையில் தெருவே சேர்ந்து தள்ள வேண்டும். நான் வாயில் பிரஷ்ஷோடு தள்ளியிருக்கிறேன். பட்டுவேட்டியில் நின்ற கல்யாண மாப்பிள்ளையைக்கூட அவர் விட்டதில்லை.

எங்கள் வீட்டில் அண்ணனுக்குத் தறி, எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. போன வருஷம், பாய் வைத்திருக்கும் அதே கம்பெனியின் புது டர்போ கார் வாங்கினேன். வாங்கியது தப்பில்லை, அதை அவரிடம் காட்டினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

பானெட்டைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் மூடி.

"இன்னாபா இது, எஞ்சினுக்குப் போர்வ போத்தி தூங்க வெச்சிருக்கான்?"

"பத்தே செகண்டுல நூறைத் தொட்டுடும் பாய்."

"தொட்டுட்டு? மூங்கில் மண்டபத்து நெரிசல்ல போய் நிக்கத்தானே போற?"

அந்த நேரம் பார்த்து என் கார், சீட் பெல்ட் போடச் சொல்லிப் பெண் குரலில் பேசியது. பாய் முகம் சுளித்தார். "வண்டி நம்மகிட்ட பேசக்கூடாதுபா. நாமதான் வண்டிகிட்ட பேசணும்."

அவர் பேசுவார். கொஞ்சலுக்குத் தமிழ், கோபம் வந்தால் உருது.

ஒரு மாதம் இதே ரகளை. கடைசியில் பாய் சவால் விட்டார். "தாமல் ஏரிக்கர வரைக்கும் போய்த் திரும்பலாம், வா. எவன் வண்டி முதல்ல நம்ம தெரு பிள்ளையார் கோயில் வாசல்ல நிக்குதுன்னு பாத்துடலாம்."

வீட்டுக்குள்ளேயிருந்து அவர் மனைவி பாயம்மாவின் குரல் வந்தது. "தோத்தா அந்த ஓட்ட வண்டி காயலாங்கடைக்குப் போவுது. தெருவே சாட்சி!"

பாய் அந்த வாரம் முழுக்க லுங்கி நுனியால் தன் வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அவரைத் தள்ளித்தான் கிளப்பினார்கள். நான் தாமல் போய்த் திரும்பும்போது அவர் எதிரே உறுமிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கை ஆட்டினேன், பார்க்கவே இல்லை.

எங்கள் தெருமுனையில் நான் நின்றுவிட்டேன். பாதித் தெருவை அடைத்து, தறியில் ஏற்றும் நீளமான பட்டு இழைகளைப் பாவாக நீட்டியிருந்தார்கள். இழைமேல் புகை படியக்கூடாது என்று, பாவைச் சுருட்டும்வரை எஞ்சின் ஓடும் வண்டி எதுவும் தெருவுக்குள் வராது. இது எங்கள் தெருச் சட்டம். மிச்சமிருந்த இடைவெளியைவிட என் கார் ஒரு சாண் அகலம். கண்ணாடிகளை மடக்கிப் பார்த்தேன், கார் 'பீப் பீப்' என்று அலறியது.

அரை மணி கழித்து பாய் வந்தார். இடைவெளியைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார்.

"வாங்கபா!"

பழகிய கைகள் ஓடி வந்தன. முப்பது வருஷத்து வண்டி சத்தமே இல்லாமல், பாவை உரசாமல் நழுவிப்போய்க் கோயில் வாசலில் நின்றது.

"எஞ்சினே ஓடாம ஜெயிக்கிறது எந்த ஊரு நியாயம்?" என்று பாயம்மா குதித்தார்.

"தள்ளக் கூடாதுன்னு நீ சொன்னியா?" என்றவர், என் தோளில் கை போட்டார். "மனச உட்டுடாதபா. உன் வண்டியும் பரவால்ல. முப்பது வருஷம் ஆவட்டும், தேறிடும்."

சரி பாய் என்றேன். அன்று நீட்டியிருந்தது எங்கள் வீட்டுப் பாவு. புதன்கிழமை போட வேண்டியதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சியது நான்தான். காலையில் அந்த வண்டியைத் தள்ளாவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.