மாதாவுக்குப் போன கிண்ணம்

பந்து உதைக்கத் தெரியாதவனிடம்தான் புள்ளிக் கணக்கை ஒப்படைப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒக்லண்டில் படித்த தமிழ் மாணவர்கள் நடத்திய உதைபந்தாட்டத் தொடரில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது அப்படித்தான். நான் படித்தது கணக்கியல் என்பதால் என் கூட்டலை யாரும் சரிபார்க்கவும் இல்லை.

மவுண்ட் ரோஸ்கில் அணி தோற்கவே தோற்காது. ஆனால் பாதிக்குமேல் சமநிலை. என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களின் நியூ லின் அணி ஒன்று வெல்லும், இல்லாவிட்டால் தோற்கும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ரோஸ்கில் முதலிடம் என்று அறிவித்தேன். அவர்களின் தலைவன் ஜூட் கிண்ணத்தோடு வீட்டுக்குப் போனான்.

அன்று மாலை நியூ லின் தலைவன் ரவி சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"வெற்றிக்கு எத்தினை புள்ளி போட்டனீ?"

"ரெண்டு. ஊரில பள்ளிக்கூடத்தில அப்பிடித்தானே."

"இங்க மூண்டு. முதல் கூட்டத்திலயே சொன்னவங்கள்."

(அந்தக் கூட்டத்தில் நான் றோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தேன். பரிமாறியதைவிடச் சாப்பிட்டதே அதிகம்.)

மூன்றாகப் போட்டுக் கூட்டினால் நியூ லின் ஒரு புள்ளியால் முதலிடம்.

"நாளைக்குக் கப் இல்லாமல் இந்த வீட்டுக்கு வராத," என்றான் ரவி. வாடகை வீடு அவன் பெயரில் இருந்தது.

மறுநாள் போனபோது ஜூட் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவர் அவன் அம்மா. உள்ளே மாதா சுரூபத்தின் முன்னால் கிண்ணம் இருந்தது, நிறைய ரோஜாப் பூக்களோடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் முழந்தாளில் இருந்தார்கள்.

"தம்பி செபமாலைக்கோ வந்தனீங்கள்?"

"ஓம் அன்ரி."

(நெற்றி நிறையத் திருநீறு பூசி வளர்ந்தவன் நான்.) முழந்தாளிட்டேன். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த மன்றாட்டு தொடங்கிவிடும். முடிந்ததும் அன்ரி கண் கலங்கியபடி கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"தோக்காமல் வெண்டது மாதாவின்ர கிருபை, தம்பி."

கேட்காமலே வெறுங்கையோடு திரும்பினேன். வெட்கமாக இருந்தது.

ரவி என்னை வெளியே தள்ளவில்லை. அந்த ஞாயிறு, புதிதாக ஆண்டவரைத் தேடும் தம்பி ஒருவனுக்காக மன்றாடும்படி அன்ரி மாதா கோயிலில் எல்லோரிடமும் என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட ரவி, அந்தத் தண்டனை போதும் என்று விட்டுவிட்டான்.

இன்றும் நத்தார்ப் பண்டிகைக்கு அன்ரியிடமிருந்து எனக்கென்று ஒரு கேக் வருகிறது, ஞானஸ்நானம் எப்போது என்ற விசாரிப்போடு. அதில் ஒரு துண்டுகூட எனக்குக் கிடைப்பதில்லை. பழைய நியூ லின் அணி குடும்பம் குட்டியோடு வந்து இறங்கிவிடும். என் மனைவி கத்தியை நேராக ரவியிடம்தான் கொடுப்பாள்.

"கப்புக்கு வட்டி," என்று சொல்லிக்கொண்டே அவன் வெட்டுவான்.